ஆயிரம் கைத்தட்டல்: திரையில் எண் வரும் கதை

(ஊத்துக்கோட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மின்சுற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் கைப்பேசியை எடுத்ததைக் கவனித்தேன். கொஞ்சம் பொறுங்கள். முதல் பாதியை மூன்றாம் வகுப்பிலேயே நடத்தலாம். அதற்கு ஒரு வாளியும், ஒரு டீ கப்பும், ஒரு டம்ளரும் போதும்.

நம் பிள்ளைகளைச் சுற்றி இப்போது எங்கே பார்த்தாலும் எண்கள் ஒளிர்கின்றன. ரேஷன் கடைத் தராசு, பெட்ரோல் பங்க், வீட்டு மின்மீட்டர் எல்லாவற்றிலும் எண்தான். கொரோனா காலத்தில் பள்ளி வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிய வெப்பமானியும் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டாலைக்கு வேலைக்குப் போகும் அப்பாக்கள், உலைப் பக்கத்தில் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். ஆனால் எண்ணைக் கண்டவுடன் பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். பழைய முள் வைத்த வோல்ட்மீட்டரைக் கொடுத்தால், "மிஸ், முள்ளு ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்குது, எதை எழுதறது?" என்று கேட்பார்கள். அதையே டிஜிட்டல் மல்டிமீட்டரில் கொடுத்தால் 1.437 என்று மூன்று தசம இடத்துக்கும் அப்படியே எழுதிவிட்டுப் போவார்கள். முள்ளைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் அறிவியல். அதை எண்ணைப் பார்த்தும் கேட்க வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் பள்ளியில் இந்தச் சுற்றை எடுத்தோம்.

முதலில் வாளி.

டீ கப்பின் கொள்ளளவு எவ்வளவு என்று தெரியாது. டம்ளர் 200 மி.லி. என்று தெரியும். காலி வாளியை நடுவில் வையுங்கள். வகுப்பு முழுவதும் கைதட்ட வேண்டும். ஒரு தட்டலுக்கு ஒரு கப் தண்ணீர் என்று 20 தட்டல்களுக்கு வாளியில் ஊற்றச் சொல்லுங்கள். இப்போது திருப்பி எடுக்க வேண்டும். ஒரு தட்டலுக்கு ஒரு டம்ளர். வாளி எத்தனையாவது தட்டலில் காலியாகிறது என்று எண்ண வேண்டும். 14-ல் காலியானால், கப் என்பது டம்ளரில் 20-க்கு 14 பங்கு. அதாவது 140 மி.லி. அளவுக் குறியே இல்லாத வாளியை வைத்து ஒரு கப்பை அளந்துவிட்டோம்.

இதில் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் சங்கதிகள் பல. பெரிய வாளியோ சின்ன வாளியோ, விடை மாறாது. மெதுவாகத் தட்டினாலும் வேகமாகத் தட்டினாலும் மாறாது. ஆனால் தொடக்கத்தில் வாளியில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தால் மாறும். வாளி நிரம்பி வழிந்தால் கணக்கே போய்விடும். மண்பானையை வைத்துச் செய்தால், பானை கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் எண் குறையும். கடைசித் தட்டலில் டம்ளர் பாதிதான் நிரம்பினால், விடை 130-க்கும் 140-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று பொருள். 20 தட்டல் வைத்தால் மீச்சிற்றளவு 10 மி.லி. அதுவே 1000 தட்டல் வைத்தால் 0.2 மி.லி. ஒன்பதாம் வகுப்பு 'அளவீடு' பாடத்தில் வெர்னியருக்குச் சொல்லும் மீச்சிற்றளவு இங்கே தண்ணீராகக் கண்ணுக்குத் தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. 200 மி.லி. என்று நாம் நம்பிய டம்ளர் உண்மையில் 180 மி.லி.யாக இருந்தால்? தட்டலில் பிழை இல்லை, எண்ணியதில் பிழை இல்லை, ஆனாலும் விடை தவறு. அந்தத் தவறு திரையில் தெரியவே தெரியாது.

வாளி விளையாட்டு அவ்வளவுதான். இனி சில்லுக்கு வருவோம்.

ஐ.சி.எல். 7107 என்று ஒரு சில்லு. இன்டர்சில் நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. நாற்பது கால்கள். அதன் இரட்டைப் பிறவி 7106. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. 7107 சிவப்பாக எரியும் எல்.இ.டி. எண்களை நேரடியாக ஓட்டும், 7106 கறுப்பு எண் தெரியும் எல்.சி.டி. திரையை ஓட்டும். நம் ஆய்வகங்களில் கிடக்கும் மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டரைத் திறந்து பாருங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு மாதிரி உறைந்திருக்கும் பிசினுக்கு அடியில் பெரும்பாலும் 7106-ஓ அதன் நகலோதான் இருக்கும். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி, எண்ணைத் திரைக்குத் தள்ளும் பகுதி என இரண்டும் ஒரே சில்லில் அடக்கம். இடையில் நிரல் எழுத வேண்டியதில்லை.

அது செய்வதும் அதே வாளி வேலைதான். வாளிக்குப் பதில் ஒரு மின்தேக்கி. தெரியாத மின்னழுத்தத்தைக் கொண்டு 1000 துடிப்புகளுக்கு அதை நிரப்பும். பிறகு, அளவு தெரிந்த ஒப்பீட்டு மின்னழுத்தத்தைக் கொண்டு அதை வடிக்கும். காலியாகும் வரை துடிப்புகளை எண்ணும். அந்த எண்தான் திரையில் வருகிறது. சூத்திரமாகச் சொன்னால்: திரை எண் = 1000 × (உள்ளீட்டு மின்னழுத்தம் ÷ ஒப்பீட்டு மின்னழுத்தம்). நிரப்பும்போது ஒரு சரிவு, வடிக்கும்போது ஒரு சரிவு என்பதால் இதை இரட்டைச் சரிவு முறை என்கிறார்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் வாளியைக் காலி செய்யும் வேலையும் தானாக நடக்கிறது. அதற்குத் தானியங்கிச் சுழித்திருத்தம் என்று பெயர். இங்கே ஒரு சிரிப்பு. "ஒவ்வொரு முறையும் ஜீரோவுக்குப் போய்த்தான் திரும்பி வரும்" என்று நான் சொன்னதும் ஒரு பையன், "தாமரைக்குப்பத்துக்கா மிஸ்?" என்றான். கிருஷ்ணா தண்ணீர் கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடி வந்து நம் மாநிலத்துக்குள் நுழையும் இடத்துக்கு நாம் 'ஜீரோ பாயிண்ட்' என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம். அவன் கேட்டதில் தப்பில்லை. அங்கேயும் அளவு அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது.

வாளி வழிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேனே, சில்லில் அது நடந்தால் இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நிற்கும், மற்ற மூன்று இடங்களும் இருண்டுவிடும். மல்டிமீட்டரில் அந்த 1-ஐப் பார்த்து "ஒரு வோல்ட்" என்று பதிவேட்டில் எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. வாளி விளையாடிய பிள்ளைகள், "மிஸ், வழிஞ்சிடுச்சு" என்கிறார்கள். எனக்கு அது போதும்.

இப்போது சுற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிரெட்போர்டில் கட்டியது ஒரு வெப்பமானி. எல்.எம். 35 என்ற மூன்று கால் உணரி ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 10 மில்லிவோல்ட் தரும். 36.5 டிகிரி என்றால் 365 மில்லிவோல்ட். ஒப்பீட்டு மின்னழுத்தத்தைச் சரியாக 1 வோல்ட் வைத்தால் திரையில் 365 வரும். கடைசி எண்ணுக்கு முன்னால் இருக்கும் புள்ளியை ஒரு 330 ஓம் மின்தடை வழியாக எரியவிட்டால் 36.5. கணக்குப் போட வேண்டியதே இல்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மின்சாரம் பழைய கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட். வீட்டு மின்சாரத்தைப் பிள்ளைகள் எந்த இடத்திலும் தொடக் கூடாது, அளக்கவும் கூடாது. சில்லுக்கு மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். அதற்கு 7660 என்ற எட்டுக் கால் சில்லும், 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டும் போதும். 2 வோல்ட் வரை அளக்க நிரப்பும் மின்தடை 470 கிலோ ஓம், வாளியாகும் மின்தேக்கி 0.22 மைக்ரோஃபாரட், சுழித்திருத்த மின்தேக்கி 0.047, ஒப்பீட்டு மின்தேக்கி 0.1. எல்.இ.டி. எண்கள் பொது ஆனோடு வகையாக இருக்க வேண்டும். அவற்றுக்குத் தனித்தனி மின்தடை வேண்டாம். சில்லே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நாற்பது கால் சாக்கெட் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டாவது முறை பிடுங்கும்போது கால் ஒடிந்துவிடும். கட்டி முடித்ததும் 37-ஆம் காலைப் பிளஸ் 5 வோல்ட்டில் தொட்டுப் பாருங்கள். 1888 எரிந்தால் திரை இணைப்புகள் சரி. பாகங்கள் அனைத்தும் ரிச்சி தெருவில் கிடைக்கும். ஊத்துக்கோட்டையிலிருந்து பேருந்தில் போய் வர ஒரு சனிக்கிழமை போதும்.

இவற்றில் இரண்டு இடத்தில் நின்று பேச வேண்டும்.

ஒன்று, வாளியாகும் அந்த 0.22 மின்தேக்கி. இது பாலிபுரொப்பிலீன் வகையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் கையில் கிடைத்த செராமிக் வில்லையைச் செருகினார்கள். எண்கள் நேர்விகிதத்தில் வரவில்லை. ஒரு மாணவி எழுந்து, "மிஸ், இது மண்பானை" என்றாள். அது முழுக்கச் சரி. சில மின்தேக்கிகளின் உட்பொருள் மின்னூட்டத்தின் ஒரு பகுதியை உறிஞ்சி வைத்துக்கொண்டு தாமதமாகத்தான் விடும். வாளியின் அளவு எதுவாகவும் இருக்கலாம், ஆனால் உறிஞ்சும் வாளியாக இருக்கக் கூடாது. பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் வாளி.

இரண்டாவது, துடிப்பின் வேகம். விடை வேகத்தைப் பொறுத்ததல்ல என்று வாளியில் பார்த்தோம். அப்படியானால் எந்த வேகமும் சரிதானே? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள கம்பிகளில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் நம் சுற்றுக்குள்ளும் லேசாகக் கசிகிறது. வாளியை நிரப்பும்போது பக்கத்தில் ஒரு குறும்புக்காரப் பையன் ஒரு கை தண்ணீரைத் தெளிப்பதும் அள்ளுவதுமாக இருக்கிறான் என்று வையுங்கள். தெளித்ததும் அள்ளியதும் சம எண்ணிக்கையில் முடிந்தால் பாதிப்பில்லை. பாதியில் நின்றால் விடை ஆடும். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, நமக்கு 50. பல புத்தகங்களில் அச்சாகும் சுற்றுப்படம், அலையியற்றியை 48 கிலோஹெர்ட்ஸில் வைக்கச் சொல்கிறது. சில்லு அதை நான்கால் வகுத்துக்கொண்டு 1000 துடிப்பு எண்ணும். அதற்கு ஆகும் 83.3 மில்லி நொடியில் அமெரிக்க மின்சாரம் சரியாக ஐந்து சுற்று முடிக்கும். நம் மின்சாரம் நான்கு முழுச் சுற்றும் இன்னொன்றில் ஆறில் ஒரு பங்கும் ஓடியிருக்கும். ஆகவே 40 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 100 மில்லி நொடி, நமக்குச் சரியாக ஐந்து சுற்று. அலையியற்றிக்கு 100 பிக்கோஃபாரட் மின்தேக்கியும், 100 கிலோ ஓமோடு 12 கிலோ ஓமைத் தொடராக வைத்த மின்தடையும் போட்டால் அந்த அளவுக்கு நெருக்கமாக வரும். எங்கோ வரைந்த படத்தை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது எதை மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இனி டம்ளரின் கதை, அதாவது ஒப்பீட்டு மின்னழுத்தம். சில்லுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஆனால் எல்.இ.டி. எரிய எரியச் சில்லு சூடாகும், அந்தச் சூட்டில் அது நகரும். அதனால் வெளியே எல்.எம். 385 என்ற பாகத்தை வைத்தோம். அது தருவது 1.235 வோல்ட். பலமுறை சுற்றும் சிறு திருகு மின்தடையால் அதை 1.000 ஆக இறக்கினோம். 1.000 என்று எதைக் கொண்டு பார்ப்பது? ஆய்வக மல்டிமீட்டரைக் கொண்டுதான். அப்போது கேள்வி வந்தது: "மிஸ், அந்த மீட்டர் சரின்னு யார் சொன்னது?" அதற்குள்ளும் இதே வகைச் சில்லுதானே. தம்பி சொல்வது சரி என்று அண்ணன் சாட்சி சொல்கிறான். முறையான வழி என்றால், அளவுத்திருத்தம் செய்த மீட்டர், அதைத் திருத்திய ஆய்வகம் என்று ஏறிக்கொண்டே போய், புது தில்லியில் வோல்ட்டின் தேசியத் தரத்தைப் பேணும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முடிய வேண்டும். நாம் அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் உருகும் ஐஸ் நம் ஊரிலும் 0 டிகிரிதான்.

மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து நொறுக்கினோம். உணரிக்கு நீர் புகாத உறை போட்டோம். எல்.எம். 35-ஐச் சாதாரணமாக இணைத்தால் 2 டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறங்காது. அதன் வெளியீட்டுக் காலிலிருந்து மைனஸ் 5 வோல்ட்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் மின்தடை வைத்தால் இறங்கும். மைனஸ் 5 நம்மிடம்தான் இருக்கிறதே. ஐஸில் வைத்தபோது திரையில் 0.7. கொதிக்கும் நீரில், அதை நான்தான் பிடித்துக்கொண்டேன், 101.2. நம் ஊர் கடல் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் கொதிநிலையை 100 என்றே எடுத்துக்கொள்ளலாம்.

உடனே பிள்ளைகள் திருகைத் திருப்பி 0.7-ஐ 0 ஆக்கப் பார்த்தார்கள். எவ்வளவு திருப்பியும் 0.7 என்பது 0.6 ஆனதே தவிர 0 ஆகவில்லை. அதற்குள் மேல் முனை எங்கேயோ போய்விட்டது. திருகு பெருக்கும் வேலையைத்தான் செய்யும், கழிக்கும் வேலையைச் செய்யாது. பிழை இரண்டு விதம், கூட்டிக்கொண்டு வருவது ஒன்று, பெருக்கிக்கொண்டு வருவது இன்னொன்று. கணித ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், அன்றைக்கு அவர்கள் பாடவேளையையும் எடுத்துக்கொண்டேன். y = mx + c இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. c என்பது 0.7, m என்பது 1.005. பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியலை எதற்குப் படிக்கிறோம் என்ற கேள்வி அன்று எழவில்லை.

இந்த வெப்பமானியை, உடல் வெப்பம் 37.0 இருக்கும் ஒரு பிள்ளை பிடித்தால் திரை 37.9 காட்டும். அது ஏறத்தாழ 100.2 ஃபாரன்ஹீட். காய்ச்சல் இல்லாத பிள்ளையைக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப அந்த எண் போதும். இத்தனைக்கும் பாகம் எதுவும் பழுதில்லை. எல்.எம். 35-இன் மலிவு வகைக்கு அறை வெப்பத்திலேயே 1.5 டிகிரி வரை பிழை இருக்கலாம் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருக்கிறார். திரையோ பத்தில் ஒரு பங்கு டிகிரி வரை காட்டுகிறது. நுணுக்கமாகக் காட்டுவதும் சரியாகக் காட்டுவதும் வேறு வேறு. 2021-இல் வாசலில் நின்று நாம் பதிவேட்டில் எழுதிய அந்த எண்களை நினைத்துப் பாருங்கள். கருவியை எதோடும் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அப்போது நேரமும் இல்லை, வழியும் சொல்லப்படவில்லை.

அந்த மண்பானை மாணவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் அம்மா விடியற்காலையில் மல்லிகை பறித்து வியாபாரியிடம் எடை போடுகிறவர். எடை குறைவாக வருகிறது என்று வீட்டில் பல நாளாகப் பேச்சு. டிஜிட்டல் தராசும் இதே குடும்பம்தான். எடைக்கேற்ப வளையும் உலோகத் துண்டு மிகச் சிறிய மின்னழுத்தம் தரும், ஒரு சில்லு அதை எண்ணாக்கும். அவள் ஒரு நாள் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனாள். முதலில் தட்டு காலியாக இருக்கும்போது 0 காட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு, "அண்ணா, இதை ஒரு தடவை வெச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்டாள். 1.005 வந்தது. உறையையும் சேர்த்தால் சரியான எடை. தராசின் பக்கவாட்டில் தொழிலாளர் துறையின் அந்த ஆண்டு முத்திரையும் இருந்தது. வியாபாரி கோபப்படவில்லை, சிரித்தார். பூவைக் கொட்டிய ஈரத் துணியோடு சேர்த்து நிறுத்துவிட்டு, துணிக்கு என்று அவர் கழிப்பதுதான் கூடுதலாக இருந்தது என்று அப்புறம் தெரிந்தது. இப்போது துணியை முதலில் தட்டில் வைத்து 0 ஆக்கிவிட்டுப் பூவைக் கொட்டுகிறார்கள். கூட்டிக்கொண்டு வரும் பிழை, அதே c.

நிரல் எழுதும் பலகைகளும் உணரித் தொகுப்புகளும் வரும் காலத்தில் நாற்பது கால் பழைய சில்லு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அந்தப் பலகைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் வெப்பநிலை ஒரு வரி நிரலில் வந்துவிடுகிறது, வாளியைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பில்லை. இதில் 27-ஆம் காலில் வாளி நிரம்புவதையும் வடிவதையும் அலைநோக்கியில் பார்க்கலாம். டம்ளரை மாற்றி எல்லா எண்ணும் பொய்யாவதையும் பார்க்கலாம். ஒரு தடவை இதைச் செய்த பிள்ளை பிறகு எந்தப் பலகையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பள்ளியில் இப்போது மூன்று சுற்றுகள் தயாராக இருக்கின்றன. இரண்டை இரவல் தரலாம். சார்ஜர், உறை போட்ட உணரி எல்லாம் டப்பாவிலேயே இருக்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் முதலில் வாளியோடு தொடங்குங்கள், டப்பாவை நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு எடுத்துப் போகலாம். ஐஸ் மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். மீன் கடை ஐஸாக இருந்தால், வீசும் வாசத்துக்கு நான் பொறுப்பில்லை.